குண்டின் அடிப்பக்கம்

தென்னிந்தியாவில் பணியாற்றிய ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் அடியில் தாமரை நெட்டி பொருத்தியிருந்தது. ஊதினால் நெட்டி விரிந்து குழலின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு பக்கவாட்டில் ஒழுகாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி அது. அந்த நெட்டியை மனத்தில் வைத்துத்தான் அடி குடைந்த ஈயக் குண்டு ஒன்றை அவர் வடிவமைத்தார் என்கிறது ஆயுத வரலாறு. நார்ட்டனின் பெயர் நிலைத்தது. அம்பைச் செய்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

ரைபிள் குழலுக்குள் திருகுவரிகள் இருக்கும். குண்டு அவற்றில் இறுகினால்தான் சுழலும். ஆனால் வாய்வழியே திணிக்கும் துப்பாக்கியில் இறுக்கமான குண்டை உள்ளே தள்ளுவதே பெரும்பாடு. பிரெஞ்சு அதிகாரி மினியே 1849இல் கொண்டுவந்த குண்டு தளர்வாக இறங்கியது. வெடித்ததும் குடைந்த அடி விரிந்து வரிகளைப் பற்றிக்கொண்டது. அதே வழியில் வந்ததுதான் 1853இன் என்ஃபீல்ட் ரைபிள். அதன் கொழுப்புத் தடவிய தோட்டா 1857இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சியைத் தூண்டியது நமக்குத் தெரியும்.

அடிப்பக்கத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதைப் பொறுமையாகத் துருவிப் பார்த்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மில்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஃபிராங்க்ளின் மான். குண்டுகளை வேண்டுமென்றே சேதப்படுத்திச் சுட்டார். மூக்கைச் சிதைத்த குண்டுகள் இலக்கில் அவ்வளவாக விலகவில்லை. அடியின் ஓரத்தைச் சிதைத்தவையோ அங்குமிங்கும் சிதறின. பல்லாண்டு உழைப்பை 1909இல் புத்தகமாக்கினார். துப்பாக்கி பற்றிய எழுத்தில் இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து குறைவு.

காரணம், குண்டு குழல்வாயைக் கடக்கும் அந்த நொடித்துளியில் இருக்கிறது. அதுவரை பின்னால் அடைபட்டிருந்த வாயு, அடி விலகியதும் பீறிட்டு வெளியேறுகிறது. அடியின் ஓரம் சுற்றிலும் ஒரே நேரத்தில் வாயை விட்டு விலகினால் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பாயும். ஓரம் சரிந்திருந்தாலோ, வாயின் உள்விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலோ, ஒரு பக்கம் முந்தித் திறந்து, வாயு குண்டின் பின்பக்கத்தை ஒருக்களித்துத் தள்ளிவிடும். அந்தத் தள்ளலால் குண்டு தன் வழியிலிருந்து விலகிப் பறக்கும்.

குழல்வாயின் அந்த உள்விளிம்பைக் காக்க 1840இலேயே ஒரு காப்புரிமை எடுக்கப்பட்டது. எடுத்தவர் ஆல்வன் கிளார்க், பின்னாளில் தொலைநோக்கி லென்சுகளுக்குப் பேர்பெற்றவர். குண்டைத் திணிக்கும்போது மட்டும் குழலின் நுனியில் ஒரு பொய்வாயை மாட்டி, பிறகு கழற்றிவிடுவது அவர் யோசனை. தேய்மானமெல்லாம் பொய்வாய்க்கு; உண்மையான வாய் கூர்மை குன்றாமல் இருக்கும்.

1898இல் பிரெஞ்சு ராணுவம் படகின் பின்பக்கம்போல் குறுகும் அடியை ஏற்றது. பறக்கும் குண்டின் பின்னால் உருவாகும் தாழ்வழுத்தம் அதைப் பின்னிழுக்கும். அடி குறுகினால் அந்த இழுவை குறையும். தொலைதூரத்துக்கு இது பெரிய லாபம். ஆனால் 100, 200 கஜத்தில் துல்லியப் போட்டிக்குச் சுடுபவர்கள் பலர் இன்னும் தட்டை அடியைத்தான் விரும்புகிறார்கள். ஓரம் பிசகாத தட்டை அடியைச் செய்வது எளிது. வாயைக் கடக்கும்போதும் அது சட்டென்று ஒரே வீச்சில் விலகிவிடும்.

குழல்வாயை இன்று லேத்தில் கடைந்து, உள்விளிம்பைச் சற்று உள்ளடங்கச் செய்கிறார்கள், எங்காவது இடித்தாலும் அது சேதப்படாதபடி. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலியான குழலின் வாய்க்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டு, சுற்றிலும் வெளிப்பக்கமாக இழுத்துப் பார்ப்பார்கள். எங்கே பஞ்சிழை சிக்குகிறதோ, பிசிறு அங்கே இருக்கிறது.