பாராடாங்கில் பூண்டு விளையுமா? பருவம் வாரியாக அறிய வேண்டியவை

அந்தமான் நிகோபார் தீவுகளில், தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்துள்ளது பாராடாங் தீவு. சுண்ணாம்புக் குகைகளுக்கும் சேற்று எரிமலைகளுக்கும் பெயர்பெற்ற இத்தீவுக்கு, பூண்டு பெருநிலப்பகுதியிலிருந்தே கப்பலில் வருகிறது. போர்ட் பிளேர் என முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. கப்பல் தாமதமானால் வரத்தும் குறையும். தோட்டத்திலேயே பூண்டு வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு மண்ணைவிடப் பருவமே விடை தருகிறது.

குளிரின் பங்கு

பூண்டு விதையால் அன்றி, பற்களை ஊன்றியே பயிரிடப்படுகிறது. தொடக்க வளர்ச்சியில் குளிரும், பின்னர் நீளும் பகற்பொழுதும் வெப்பமும் கிடைத்தால்தான் அடிப்பகுதி திரண்டு பற்களாகப் பிரியும். குளிர் போதாத செடி பச்சைப்பசேலென வளர்ந்தாலும், பல் பிரியாத ஒற்றைப் பூண்டாக நின்றுவிடக்கூடும்.

உற்பத்தியில் முன்னிலை வகிக்கும் மத்தியப் பிரதேசத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஊன்றி, கோடையின் தொடக்கத்தில் அறுவடை செய்கின்றனர். தமிழ்நாட்டில் நீலகிரியும் கொடைக்கானலும் பூண்டுக்கு ஏற்ற குளிர்ந்த மலைப்பகுதிகள். 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, மே மாதத்தையொட்டியும் நவம்பரிலும் என ஆண்டுக்கு இருமுறை பயிரிடப்படுகிறது.

தீவின் பருவங்கள்

மே முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழைக் காலம். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நீர் தேங்கும் மண்ணில் ஊன்றிய பற்கள் அழுகிவிடும் என்பதால், இக்காலத்தில் நடவைத் தவிர்ப்பது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை தொடரும். மேட்டுப்பாத்தி அமைத்து, மட்கிய எரு இட்டு நிலத்தைத் தயார் செய்யலாம். மழை ஓயும் டிசம்பர் இறுதியில் நடவைத் தொடங்கலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை: மழை குறைந்த இம்மாதங்களே சாகுபடிக்கு ஏற்றவை. ஆயினும் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருப்பதால், பருத்த பூண்டை எதிர்பார்க்க இயலாது.

நம்பத்தக்க அறுவடை

இத்தகைய தட்பவெப்பத்தில் உறுதியாகக் கிடைப்பது பூண்டுத் தாள். பற்களை நுனி மேல்நோக்கி இருக்குமாறு, 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்ற வேண்டும். தாள் ஒரு சாண் உயரம் வளர்ந்ததும், அடியைச் சற்று விட்டு நறுக்கினால் மீண்டும் துளிர்க்கும். துவையலுக்கும் குழம்புக்கும் இதனைப் பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் தொட்டிகளிலும் வளர்க்கலாம்.

பூண்டாகவே எடுக்க விரும்புவோர், ஊன்றுவதற்கு முன் 4 முதல் 6 வாரங்கள் பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். விதைக்கும் உணவுக்கும் ஒரே பொருளே பயன்படுவதால், விளைச்சல் பொய்த்தால் விலை கொடுத்து வாங்கிய பூண்டே நட்டமாகும். எனவே, பெரிய அளவில் பயிரிடுவதற்கு முன் ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவது பாதுகாப்பானது.