‘அழிக்காதே’ என்று எழுதிய வட்டு

கோவில்பட்டியில் சித்தியின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு கிடந்தது அந்தச் சிடி. மேலே நீல மார்க்கரில் சித்தப்பா எழுதியிருந்தார்: ‘ஊர்ச் சொற்கள் – 2003 – அழிக்காதே’. அது சிடி-ஆர் வகை; நினைத்தாலும் அழிக்க முடியாது. ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். தன்பாட்டுக்கு அதுவே அழிந்துபோகும் என்பதைத்தான் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சித்தப்பா டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கும் காதணி விழா நோட்டீஸுக்கும் நடுவே, கரிசல் காட்டுப் பேச்சில் காதில் விழுந்த சொற்களையெல்லாம் தட்டச்சு செய்து சேர்த்தார். கணினி பழுதாகிப் போனபோது மிஞ்சியது இந்த ஒரு வட்டுதான்.

இந்த வகை வட்டுக்குப் பூர்வீகம் ஜப்பான். 1988-ல் தையோ யூடென் நிறுவனம் உருவாக்கியது. கடையில் வாங்கும் பாட்டு சிடியில் பள்ளங்கள் அச்சாகியிருக்கும். இதில் இருப்பது சாயம். 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகட்டில் கொசுவர்த்திச் சுருள் போல உள்ளிருந்து வெளியே ஒரே தடம் ஓடுகிறது; சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். தடத்தின்மேல் சாயம், சாயத்தின்மேல் வெள்ளியோ தங்கமோ கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம், அதற்கும் மேலே வார்னிஷ். எழுதும்போது லேசர் சாயத்தைச் சூடாக்கி நிறம் மாற்றுகிறது. ‘பர்ன் பண்றது’ என்று சொன்னது வெறும் பேச்சில்லை.

பளபளக்கும் அடிப்பக்கத்தில் விரல் படாமல் நாம் எல்லோரும் காத்தோம். உண்மையில் அந்தப் பக்கத்துக்குத்தான் தடிமனான பிளாஸ்டிக் காவல். பெயர் எழுதும் மேல்பக்கத்தில் வார்னிஷ் பூச்சு மட்டும்தான். அடியில் விழுந்த கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம்; மேலே படலம் உரிந்தால், உரிந்த இடத்தில் இருந்தது போனதுதான். சித்தப்பா பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

வட்டில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. ஆனால் காலி வட்டின் தடத்திலேயே, ஒரு நெளிவாக, எந்த ஆலையின் சரக்கு என்ற குறியீடு பதிந்திருக்கும். ரைட்டர் டிரைவ் அதைப் படித்துச் சொல்லியும் விட்டது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தப்பு ஆலையுடையதா, இருபது வருடம் தகரக் கூரைக்குக் கீழே பீரோவில் வெந்ததுடையதா என்று எனக்குத் தெரியாது. வெயிலும் வெக்கையும் சாயத்தை வெளுக்கவைக்கும். வார்னிஷில் சிறு விரிசல் விட்டாலும் காற்று புகுந்து, குத்துவிளக்கு கறுப்பது போல வெள்ளிப் படலம் கறுக்கும்.

இவ்வளவையும் தாங்கத்தான் ஒரு கணக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள். இர்விங் ரீடும் கஸ்டாவ் சாலமனும் 1960-ல் வெளியிட்ட பிழைதிருத்த முறையை அடிப்படையாகக் கொண்டது அது. ஒரு வரியின் எழுத்துகளை அருகருகே வைக்காமல் தடம் நெடுகச் சிதறி வைத்து, கூடவே சரிபார்க்கும் எண்களையும் சேர்த்துவிடுவார்கள். நகையை நாலு வீட்டில் பிரித்துக் கொடுத்து வைப்பது மாதிரி. ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் குடும்பம் மூழ்காது. தடத்தில் தொடர்ந்து இரண்டரை மில்லிமீட்டர் அளவு காணாமல் போனாலும் இந்த முறை மீட்டுவிடும். தாங்கும் எல்லை தாண்டினால் மட்டும் டிரைவ் கையை விரிக்கும். அதுவும் 2,048 பைட் கொண்ட ஒரு செக்டர் முழுவதையும் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். பாதி தருகிறேன் என்ற பேச்சே கிடையாது.

என் லேப்டாப்பில் டிரைவ் இல்லை. யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி வட்டைப் போட்டேன். கர்ர் கர்ரென்று பத்து நிமிடம் சுற்றிவிட்டு, வட்டே போடவில்லை என்றது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலைவிட, தடத்தோடு கூடவே ஓடும் கீறல்தான் மோசம்.

பிறகு டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய இலவச மென்பொருள். சாதாரணமாகக் கோப்பை நகலெடுத்தால் முதல் பழுதிலேயே நின்றுவிடும். இது பழுதைத் தாண்டிப் போய், சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொள்கிறது. எதெது வந்தது, எதெது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே, விட்ட இடத்துக்குப் பிற்பாடு திரும்புகிறது. எனக்குப் பிடித்தது அந்த வரைபடம்தான். அதை வைத்துக்கொண்டு வேறு டிரைவுக்கு மாறலாம். ஒவ்வொரு டிரைவின் லென்ஸுக்கும் லேசருக்கும் ஒரு குணம். ஒன்று ‘இல்லை’ என்ற செக்டரை இன்னொன்று சாவகாசமாகப் படித்துத் தரும். நண்பனின் பழைய டெஸ்க்டாப்பிலிருந்து ஒன்று, ரிச்சி தெருவில் பழைய சாமான் கடையில் ஒன்று என்று மூன்று டிரைவ் கைமாறியது வட்டு. வேகத்தைக் குறைத்து ஓடவிட்டபோது இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான்காம் நாள் இரவில் விளிம்போரம் சில செக்டர்கள் மட்டும் பாக்கி. எழுதுவது உள்ளிருந்து வெளியே என்பதால், கடைசியாக எழுதப்பட்டவைதான் அங்கே இருக்கும்.

கோப்பைத் திறந்தேன். வரி வரியாக ஆங்கில எழுத்துக் குப்பை. ஒரு கணம் வயிற்றைப் புரட்டியது. அப்புறம் கண்ணில் பட்டது: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அதுதான் ‘தமிழ்’! யூனிகோடு வீட்டுக்கு வராத காலத்தில் ஆங்கில எழுத்தின் இருக்கைகளில் தமிழை உட்கார வைத்திருந்தோம். எழுத்துருவை மாற்றியதும் சொற்கள் எழுந்து வந்தன. ‘வங்கு’ வரைக்கும்.

வங்கு என்றால் பொந்து. அதற்கு அடுத்து ஒரு செக்டர் அளவுக்கு நிஜமாகவே பொந்து. பொந்துக்கு அந்தப் பக்கம் ‘வரப்பு’.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

“வங்குக்கும் வரப்புக்கும் நடுவுல என்ன சித்தப்பா போட்டிருந்தீங்க?”

“வடலி இருக்கும், எழுதிக்கோடா. சின்னப் பனை. வட்டில், சாப்பிடுறது. வண்டல். வயணம்…” நிறுத்தினார். “இன்னும் ஒண்ணு உண்டே. மழைக்கு முந்தி சொல்றது. நாக்குல நிக்குது. இரு, உங்க சித்திட்ட கேட்டுட்டு வர்றேன்.”

போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். குக்கர் இரண்டாவது விசில் விட்டது.