நியாண்டர்தால் மனிதன் மூடனா?

நியாண்டர்தால் மனிதன் என்றதும் நம் மனக்கண்ணில் எத்தகைய உருவம் தோன்றுகிறது? கூனிய முதுகு, மடங்கிய முழங்கால், கையில் ஒரு தடி. பாதி மனிதன், பாதி குரங்கு. இந்த உருவம் எங்கிருந்து வந்தது? இது உண்மைதானா?

1856-ஆம் ஆண்டு ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள், ஒரு குகையிலிருந்து சில எலும்புகளை எடுத்தனர். கரடியின் எலும்புகளாக இருக்கும் என்றே முதலில் எண்ணினர். யோகான் ஃபூல்ராட் என்ற பள்ளி ஆசிரியர்தாம் அவை பண்டைய மனிதனுடையவை என்று கண்டுகொண்டார். 1864-இல் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரே இம்மனித இனத்திற்குச் சூட்டப்பட்டது.

1908-இல் பிரான்சில் லா ஷாப்பெல்-ஓ-சேன் என்னும் ஊரில், ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதனை ஆராய்ந்த பேரறிஞர் மார்செலின் பூல், இம்மனிதன் நிமிர்ந்து நடக்க இயலாதவன், அறிவிலும் தாழ்ந்தவன் என்று முடிவு கட்டினார். நாம் மேலே கண்ட உருவம் இவ்வாறு பரவியதுதான்.

1957-இல் ஸ்ட்ராஸ், கேவ் என்னும் இரு அறிஞர்கள் அதே எலும்புகளை மீண்டும் ஆராய்ந்து தம் முடிவை வெளியிட்டனர். அந்த மனிதர் கடுமையான மூட்டுவாத நோயால் துன்புற்ற முதியவர்! நோயற்ற நியாண்டர்தால் மனிதன் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தான் என்று அவர்கள் காட்டினர்.

ஆனால் பிழைக்கு நோய் ஒன்றே காரணமன்று. அந்த மண்டையோட்டின் கொள்ளளவு சுமார் 1,600 கன சென்டிமீட்டர். இன்றைய மனிதனின் சராசரியோ ஏறத்தாழ 1,400-தான். மூளை பெரியது என்பதைப் பூலும் அறிவார். ஆயினும் நீண்டு தாழ்ந்த அதன் வடிவத்தைக் காட்டி, தரத்தில் குறைந்தது என்றார். முடிவு முன்பே மனத்தில் இருந்தால், கையில் உள்ள சான்றும் கண்ணில் படுவதில்லை போலும்.

மூளையின் அளவு மட்டும் அறிவைக் காட்டிவிடாது என்பதும் உண்மையே. அப்படியானால் எதைக் கொண்டு அறிவை அளப்பது? அவர்கள் செய்த செயல்களைக் கொண்டுதான்.

கல்லை முதலில் பக்குவமாகச் செதுக்கி வைத்து, பிறகு ஒரே தட்டில் வேண்டிய வடிவில் சில்லு பெயர்த்தார்கள். வரப்போகும் வடிவத்தை முன்கூட்டியே மனத்தில் காணாதவன் இதைச் செய்ய முடியாது. பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கிக் கரிய பிசின் எடுத்து, கல்முனையைக் காம்பில் ஒட்டினார்கள். இத்தாலியில் கிடைத்த இத்தகைய பிசின் ஏறக்குறைய 2,00,000 ஆண்டுகள் பழமையானது.

பிரான்சின் புருனிக்கெல் குகை இன்னும் வியப்பானது. வாயிலிலிருந்து 336 மீட்டர் உள்ளே, பகலொளி எட்டாத இருளில், நீர் சொட்டி வளர்ந்த சுண்ணாம்புத் தூண்களை உடைத்து வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். தீ மூட்டியும் இருக்கிறார்கள். இதன் வயது சுமார் 1,76,500 ஆண்டுகள் என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது. நம் இனத்தார் ஐரோப்பாவில் குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்பே இது நடந்திருக்கிறது. கைவிளக்கோ தீப்பந்தமோ இன்றி, ஒருவரோடொருவர் கூடித் திட்டமிடாமல், இதைக் கட்டியிருக்க முடியுமா?

ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த ஒருவருக்கு வலக்கை சூம்பிப் போயிருந்தது; முகத்தில் பலத்த அடி பட்டிருந்தது. ஆயினும் காயங்கள் ஆறிய பின் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். பிறர் துணையின்றி இது எளிதன்று.

பின் ஏன் அவர்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தனர்? ஓவியம், அணிகலன் போன்றவற்றின் சான்றுகள் நம் முன்னோரிடமே மிகுதி; இரு இனத்தாரின் அறிவும் எல்லா வகையிலும் ஒன்றே எனச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்ந்தவர்கள் என்பதை மரபணு ஆய்வு காட்டுகிறது. தொகை குறைந்த கூட்டம் அறிவிருந்தும் அழியக்கூடும்.

முற்றிலும் மறைந்தார்கள் என்பதும் சரியன்று. ஸ்வாந்தே பாபோ குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களும் நம் முன்னோரும் கலந்து மக்களைப் பெற்றதை மெய்ப்பித்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் 1 முதல் 2 விழுக்காடு அவர்கள் தந்தது. தமிழராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். அவர்களை மூடர் என்று இகழுமுன், இகழப்படுபவர் நம் பாட்டன் பாட்டியரும்தாம் என்பதை நினைவிற் கொள்வோம்.