67,46,32,83,88,800

67,46,32,83,88,800 என்பது கணிதவியலாளர் சீனிவாச இராமானுசன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட உயர் பகு எண்கள் பட்டியலின் கடைசி எண் ஆகும். இதை 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800 என்று படிக்க வேண்டும். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணே உயர் பகு எண். எடுத்துக்காட்டாக, 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் உள்ளன. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. பட்டியலின் கடைசி எண்ணுக்கோ 10,080 காரணிகள்.

திருக்கோவிலூரில் இராமானுசன்

இந்த ஆய்வின் முன்கதையில் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூருக்கு இடமுண்டு. அன்று அது தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கல்லூரித் தேர்வுகளில் தோற்று, வேலையின்றி இருந்த இராமானுசன் 1910-இல் அங்கு துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைத் தேடிச் சென்றார். இராமசாமி ஐயர் 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். இராமானுசன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை மட்டுமே. கையில் இருந்தவை அவருடைய கணிதக் குறிப்பேடுகள். அவற்றைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் முடக்க மனமின்றி, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். வேலை தர மறுத்தும் ஒருவருக்கு இவ்வளவு நன்மை செய்ய முடிந்தது அரிது. மறு ஆண்டே சங்கத்தின் இதழில் இராமானுசனின் முதல் கட்டுரை வெளிவந்தது. 1914-இல் அவர் கேம்பிரிட்சுக்குக் கப்பலேறினார்.

எண்ணின் அமைப்பு

பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் இவ்வெண் இவ்வாறு அமையும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. பகா எண் பெரிதாக ஆக அடுக்கு கூடுவதே இல்லை. 6, 4, 2, 2, 1 என இறங்குகிறது. உயர் பகு எண்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 தான் என்பதையும் இராமானுசன் நிறுவினார்.

இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியான இக்கட்டுரைக்காகவே கேம்பிரிட்சு பல்கலைக்கழகம் 1916-இல் அவருக்குப் பட்டம் அளித்தது. பணநெருக்கடியால் அச்சங்கம் கட்டுரையை முழுமையாக அச்சிடவில்லை. எஞ்சிய பகுதி விளக்கக் குறிப்புகளுடன் 1997-இல்தான் ஆய்விதழில் வெளிவந்தது.

விடுபட்ட எண்

கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான இப்பட்டியலில் 102 எண்கள் உள்ளன. வரவேண்டிய ஒன்று மட்டும் விடுபட்டுள்ளது: 5,040 காரணிகள் கொண்ட 2,93,31,86,25,600. பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது இதே எண்தான்.