யுத்தத்துக்குப் போன பேக், மலை ஏற வந்த கதை

 

பாடசாலை லீவு விட்டதும் எமது இளைஞர்கள் நக்கிள்ஸ், ஹந்தானை என்று மலையேறப் புறப்பட்டுவிடுகிறார்கள். நல்ல விஷயம். அவர்களில் பலர் தேடித் திரிவது "ஆர்மி பேக்". லேசில் கிழியாது, பாரம் தாங்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்பார்கள். அந்தப் பேக்குக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு ஒன்று உண்டு. வகுப்பில் உலக யுத்தம் படிப்பிக்கும்போது நாம் தளபதிகளின் பெயர்களைச் சொல்கிறோம், ஒப்பந்தங்களின் ஆண்டுகளைச் சொல்கிறோம். சிப்பாயின் முதுகில் இருந்த பையைப் பற்றிச் சொல்வதில்லை. இன்று அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் ஒன்று. இந்தப் பையின் மூல யோசனை இராணுவத்தில் பிறக்கவில்லை.

1908இல் நோர்வே நாட்டில் ஓலே பேர்கன் என்பவர் வேட்டைக்குப் போனார். முதுகில் சுமந்த பாரம் அவரை அழுத்தியது. ஒரு மரக்கிளையை வெட்டி, தன் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, பைக்கும் முதுகுக்கும் இடையில் வைத்துக் கட்டினார். பாரம் சீராகப் பரவியது. அடுத்த வருடமே அதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு கிளைக்குப் பதிலாக உருக்குக் குழாய் வந்தது. நோர்வே இராணுவம் அதை எடுத்துக்கொண்டது, மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. பிரித்தானியச் சிப்பாய்கள் இன்றும் தங்கள் பெரிய பையை "பேர்கன்" என்றுதான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு கதை. 1920இல் அலாஸ்காவுக்குப் போன லொயிட் நெல்சன், அங்குள்ள பூர்வீகக் குடிகளிடம் ஒரு சுமைச் சட்டத்தைக் கண்டார். தடிகளும் கடல்நாய்த் தோலும் கொண்டு செய்தது. அதைத் திருத்தி 1924இல் காப்புரிமை பெற்றார். காட்டு இலாகா ஊழியர்கள் அதைச் சுமந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க இராணுவம் அதே வகைச் சட்டத்தை ஒட்டுப்பலகையில் செய்து, வெடிபொருட்களையும் தண்ணீரையும் மலைமேல் ஏற்றியது. பேர்கனின் பெயரும் நெல்சனின் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. அலாஸ்காவில் அந்த யோசனையைத் தந்தவர்களின் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

அந்த யுத்தத்தில் மலைச் சண்டைக்கென்றே அமெரிக்கா 10ஆவது மலைப் படைப்பிரிவை உருவாக்கியது. கொலராடோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 9,000 அடிக்கு மேலே, பனிக்குள் பயிற்சி. அவர்களுக்குக் கொடுத்தது பேர்கன் பாணியில் உருக்குச் சட்டம் போட்ட கன்வஸ் பை. கன்வஸ் தடித்த பருத்தித் துணி. நனைந்தால் தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும். 1945இன் முதல் சில மாதங்களில் இத்தாலி மலைகளில் அந்தப் படைப்பிரிவில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள்.

யுத்தம் முடிந்தது. மலை மலையாகக் குவிந்து கிடந்த பொருட்களை என்ன செய்வது? அமெரிக்க அரசு இதை முன்கூட்டியே யோசித்து, 1944இலேயே உபரிச் சொத்துக்களை விற்பதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. பைகள், கூடாரங்கள், தூங்கும் பைகள், சப்பாத்துகள், கயிறுகள் எல்லாம் உபரிக் கடைகளுக்கு வந்து மலிவு விலையில் விற்பட்டன.

அதுவரை மலையேற்றம் பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு. நல்ல சாமான்கள் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். ஒரு பனிக்கோடரியை நியாயமான விலைக்கு வாங்க முடியவில்லை என்பதற்காகவே 1938இல் சியாட்டில் நகர மலையேறிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இன்றைய "ஆர்ஈஐ" நிறுவனம் அதுதான். உபரிக் கடைகள் வந்த பிறகு தொழிலாளியும் மாணவனும்கூட ஒரு பையும் கூடாரமும் வாங்கிக்கொண்டு மலைக்குப் போக முடிந்தது. மலைப் படையிலிருந்து வீடு திரும்பியவர்களும் அவர்களுக்கு வழிகாட்டினார்கள். அவர்களில் டேவிட் புரோவர் 1952இல் சியரா கிளப்பின் தலைமை நிர்வாகியாகி, காடுகளையும் ஆறுகளையும் காக்கப் போராடினார்.

அதே 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்ற தச்சர், விமானம் செய்யும் அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டம் செய்தார். அவருடைய மனைவி நீனா வீட்டில் இருந்து பைகளைத் தைத்தார். துணி, யுத்தத்தில் மிஞ்சிய நைலோன். முதல் வருடம் விற்றது 29 பைகள்தான். கெல்டி சேர்த்த முக்கியமான விஷயம் இடுப்புப் பட்டி. பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பு எலும்பின்மேல் வைத்தார். இன்று கடையில் தொங்கும் ஒவ்வொரு நல்ல மலையேற்றப் பையிலும் அந்தப் பாடம் இருக்கிறது.

இராணுவம் அடுத்த பாடத்தைக் கற்றது வியட்நாமில். அந்த மழையிலும் சேற்றிலும் கன்வஸ் நனைந்து கனத்தது, உக்கியது. வட வியட்நாம் வீரர்களிடம் வெளிப்புறம் பொக்கெட்டுகள் வைத்த எளிமையான பை ஒன்று இருந்தது. கைப்பற்றிய பைகளைப் பார்த்து, தம்மோடு நின்ற உள்ளூர்ப் படைகளுக்கு அதேபோல் தைத்துக் கொடுத்தார்கள் அமெரிக்கர்கள். பிறகு நைலோனில் தமக்கும் இலேசான பைகளைச் செய்தார்கள். கடைசியில் 1973 ஜனவரியில் "அலிஸ்" என்ற தொகுதி அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. நைலோன் பை, அலுமினியச் சட்டம், வெளியே மூன்று பெரிய பொக்கெட்டுகள். எதிரியின் முதுகில் கண்ட பையின் சாயல் அதில் இருக்கிறது.

1997இல் "மொலி" என்ற புதிய தொகுதி வந்தது. அதன் முதல் பிளாஸ்டிக் சட்டங்கள் உடைந்தன. சிப்பாய்கள் சிலர் பழைய அலிஸையே விரும்பினார்கள். காலப்போக்கில் ஓய்வு பெற்ற அலிஸ் பைகள் உபரிக் கடைகளை நிரப்பின. வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் அவற்றை வாங்கி, மெல்லிய இடுப்புப் பட்டியைக் கழற்றி, தடித்த பட்டி பூட்டிப் பாவித்தார்கள். 2000களில் கதை மறுபக்கம் திரும்பியது. அமெரிக்க மரைன் படை, மலையேற்றப் பை செய்யும் ஆர்க்டெரிக்ஸ் என்ற கனேடிய நிறுவனத்தின் வடிவமைப்பில் தனக்குப் பை செய்துகொண்டது.

இப்போது நாம் யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். நூறு வருடமாகப் பை திருந்திக்கொண்டே வந்தது. சிப்பாயின் சுமை குறைந்ததா?

இல்லை. 1950இலேயே எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற இராணுவ எழுத்தாளர், சிப்பாய்கள்மேல் அளவுக்கு மிஞ்சிச் சுமத்துகிறார்கள் என்று ஒரு தனி நூலே எழுதினார். 2003இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க இராணுவமே நிறுத்துப் பார்த்தபோது, நடைப்பயணத்தில் ஒரு சிப்பாய் சுமந்தது சராசரியாக 101 இறாத்தல், அதாவது சுமார் 46 கிலோ. பை நன்றாகத் தாங்குகிறது என்று கண்டதும் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். என்ன ஏற்றுவது என்று முடிவெடுப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர். எல்லாப் பிரச்சினையும் அந்த இடத்தில்தான்.

மலையேறும் தம்பிமாருக்குச் சில வார்த்தைகள். உண்மையான அமெரிக்க உபரிப் பையின் லேபிளில் 8465 என்று தொடங்கும் இலக்கம் இருக்கும், தேடிப் பாருங்கள். லேபிளையும் போலியாக அடிப்பார்கள், ஆகவே தையலையும் கொளுக்கிகளையும் இழுத்துப் பாருங்கள். அலிஸ் சட்டத்தோடு வெறுமையாகவே ஏறக்குறைய 3 கிலோ. ஒரு நாள் பயணத்துக்கு அது தேவையில்லை. இடுப்புப் பட்டி இல்லாத பெரிய பையை வாங்காதீர்கள். உருமறைப்பு நிறப் பைகளையும் உடைகளையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். எமது நாட்டில் அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

பெற்றோருக்கும், சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. சிப்பாய்க்காவது இடுப்புப் பட்டி இருக்கிறது. எமது பிள்ளைகளின் பேக்கில் அதுவும் இல்லை. பட்டி தளர்ந்து, பை இடுப்புக்குக் கீழே தொங்க, முன்னால் குனிந்து நடந்து வரும் பிள்ளைகளை நாம் தினமும் வாசலில் காண்கிறோம். பிள்ளையின் எடையில் 10 முதல் 20 வீதத்துக்கு மேல் பை இருக்கக்கூடாது என்பது அமெரிக்கச் சிறுவர் மருத்துவர்களின் ஆலோசனை. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ நல்லது, 6 கிலோவுக்கு மேல் கூடவே கூடாது. கொப்பிகள், புத்தகங்கள், தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து எவ்வளவு வருகிறது?

பலமான பேக் வாங்கிக் கொடுத்தால் சரி என்று நினைக்கிறோம். இராணுவமும் அப்படித்தான் நினைத்தது. இன்றிரவு பிள்ளையின் பையை ஒரு தராசில் வையுங்கள். நேரசூசியைப் பார்த்து நாளைக்குத் தேவையில்லாததை வெளியே எடுங்கள். பட்டியை இறுக்கி, பை முதுகோடு ஒட்டி நிற்கச் செய்யுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்தக் கொப்பி கட்டாயம், எதை வகுப்பிலேயே வைக்கலாம் என்று தெளிவாகச் சொல்வது ஆசிரியர்களாகிய எமது பொறுப்பு. அதை அடுத்த தவணை தொடங்கும்போதே செய்வோம், இன்ஷா அல்லாஹ்.