தராசும் விளைச்சலும்

தேர்வு மண்டபத்தில் காவலைக் கடுமையாக்கினால் கல்வியின் தரம் உயரும் என்பர் சிலர். காவல் மாணவரை வதைக்கும் கொடுமை என்பர் வேறு சிலர். இரு சாராரும் வடபுலத்தின் அண்மைக்கால வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

உத்தரப் பிரதேசத்தில் 1992-ஆம் ஆண்டு, கல்யாண் சிங் முதலமைச்சராகவும் ராஜ்நாத் சிங் கல்வி அமைச்சராகவும் இருந்தபோது, தேர்வில் பார்த்தெழுதுவதைத் தடுக்க ஒரு சட்டம் பிறந்தது. பார்த்தெழுதுவது பிணையில் விட முடியாத குற்றமாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் சிறை புகுந்தனர். முந்திய ஆண்டு பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 50 பேருக்கு மேல் தேறிய மாநிலத்தில், அவ்வாண்டு தேறியோர் ஏறத்தாழ 15 பேர்! பன்னிரண்டாம் வகுப்பில் 30 பேர்!

ஓராண்டுக்குள் மாணவர் அறிவு மங்கிவிட்டதா? சட்டத்தை நீக்குவதாக வாக்களித்து, 1993 தேர்தலுக்குப்பின் ஆட்சிக்கு வந்த முலாயம் சிங், அதை நீக்கினார். தேர்ச்சி மீண்டும் ஏறிற்று. மங்கிய அறிவு மறுபடி ஒளி பெற்றதா? காவல் வந்தது, எண் விழுந்தது. காவல் போயிற்று, எண் எழுந்தது. கற்பித்தலோ இருந்த இடத்திலேயே இருந்தது!

பீகாரிலும் இதே கதைதான். 2015-இல் வைசாலி மாவட்டத்தில், தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு விடைச்சீட்டுக் கொடுக்க உற்றார் மாடிச் சுவரில் தொற்றி ஏறிய படத்தை உலகமே கண்டது. அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் தேறியோர் நூற்றுக்கு 75 பேர். காவல் இறுகிய 2016-இல் 50-க்கும் கீழே! 2018-இல் உத்தரப் பிரதேசத்தில் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. பதிவு செய்த சுமார் 66 லட்சம் பேரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வு மண்டபத்தின் பக்கமே வரவில்லை.

தோழர்களே! தேர்வுக் காவல் ஒரு தராசு. தராசு நெல்லை விளைவிக்காது. ஆயினும் கள்ளத் தராசு உழைத்தவனைத்தான் முதலில் வஞ்சிக்கும். காவல் தளர்ந்த இடத்தில், பணமும் செல்வாக்கும் உள்ளவன் விடைச்சீட்டை விலைக்கு வாங்குவான். இரவெல்லாம் விழித்துப் படித்த ஏழையின் பிள்ளை, அவனுக்குப் பின்னே நிற்பான். ஆகவே காவல் வேண்டும் என்கிறோம் நாம்.

ஆனால், ஆசிரியரை அமர்த்தாத ஆட்சியை, பாடம் நடத்தாத பள்ளியைக் கேட்பார் யார்? ஆண்டு முழுதும் கற்பிக்கத் தவறியோர் வெளியே உலவ, மூன்று மணி நேரம் தவறிய சிறுவனுக்கு விலங்கு பூட்டுவது எவ்வகை நீதி? மண்டபத்து வாயிலில் நிற்கும் காவல், பள்ளி வாயிலிலும் ஆண்டு முழுதும் நிற்கட்டும். ஆசிரியர் வந்தாரா, பாடம் நடந்ததா என்று கேட்கட்டும். விளைச்சல் பெருகினால் தராசைக் கண்டு அஞ்சுவோர் யார்?