கையடக்க மியூசிக் பிளேயர்களில் பகிர்வு வசதி

கையடக்க மியூசிக் பிளேயரில் ஒருவர் கேட்கும் பாட்டை அருகிலிருப்பவரும் கேட்கவோ, தம் கருவிக்கு எடுத்துக்கொள்ளவோ, இப்போது என்ன பாட்டு ஓடுகிறது என்று நண்பர்கள் தெரிந்துகொள்ளவோ செய்யப்படும் ஏற்பாடுகள் பகிர்வு வசதிகள் எனப்படும். இவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி, பதிப்புரிமை வைத்திருந்த இசை நிறுவனங்களோடு கருவித் தயாரிப்பாளர்கள் நடத்திய பேரத்தின் வரலாறே.

இந்த எண்ணம் முதல் வாக்மேனிலேயே உண்டு. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த டிபிஎஸ்-எல்2 மாடலில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன. ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்தினால் பாட்டின் ஒலி தணியும். கருவியில் பொருத்திய மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். இதற்கு ஹாட்லைன் என்று பெயர். உடன் ஒருவர் இருக்கும்போது தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது மரியாதைக் குறைவு என்று சோனியின் அகியோ மொரிட்டா கருதியதால் வந்த ஏற்பாடு இது. வாங்கியவர்களோ வாக்மேனைத் தமக்கே உரிய சொந்தப் பொருளாகப் பார்த்தார்கள். பின்வந்த மாடல்களில் ஹாட்லைன் கைவிடப்பட்டது. பாட்டைப் பகிர அப்போது தனி வசதி எதுவும் தேவைப்படவில்லை; கேசட்டைக் கைமாற்றினாலோ, வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுத்தாலோ போதும்.

எம்பி3 வந்ததும் நிலைமை மாறியது. 1998இல் வெளியான ரியோ பிஎம்பி300 பிளேயரைத் தடுக்க அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்துத் தோற்றது. ஆனால் 1999இல் தொடங்கிய நாப்ஸ்டர் கோப்புப் பகிர்வுச் சேவையை அதே சங்கத்தின் வழக்கு 2001இல் மூடவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அறிமுகமான ஆப்பிளின் ஐபாட், கணினியிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும்; இன்னொருவர் கணினிக்கு அதைத் தர அதன் ஐடியூன்ஸ் மென்பொருள் இடம் தரவில்லை. இதற்கிடையே டப்ளினில் இயங்கிய மீடியா லேப் யூரோப் ஆய்வாளர்கள் டியூனா என்ற சோதனைக் கருவியை உருவாக்கினர். அருகிலிருப்பவர் கேட்கும் பாட்டை வைஃபை வழியாக அதே நொடியில் சேர்ந்து கேட்கலாம், கோப்பு நகலாகாது. பதிப்புரிமைச் சிக்கலைத் தொடாமல் தாண்டிய நேர்த்தியான தீர்வு அது. கடைக்கு அது வரவில்லை.

பகிர்வையே முதன்மை விளம்பரமாக்கிய கருவி மைக்ரோசாஃப்டின் ஸூன். 2006 நவம்பர் 14 அன்று அமெரிக்காவில் 30 ஜிபி கொள்ளளவோடு, சுமார் 250 டாலர் விலையில் வெளிவந்தது. உள்ளே வைஃபை இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஸூன் இருந்தால் பாட்டையோ படத்தையோ அதற்கு அனுப்பலாம். படங்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. வந்த பாட்டை மூன்று முறை, அல்லது மூன்று நாள், இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான் கேட்கலாம். பிறருக்கு மேலும் அனுப்ப முடியாது. இசை நிறுவனங்கள் தடுத்திருந்த சில பாடல்கள் போகவே போகாது. இவையெல்லாம் போதாதென்று, விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தொகை தருவதாக யுனிவர்சல் மியூசிக்குடன் ஒப்பந்தமும் போடப்பட்டது. மிகவும் நியாயமற்ற விளைவு வேறொன்று: தாமே பாடிப் பதிந்து, யாருக்கும் தரலாம் என்று விட்ட பாட்டுக்கும் அதே மூன்று நாள் கெடுதான். நண்பருக்கு ஒரு பாட்டைக் கொடுக்கும் மகிழ்ச்சியை இந்த விதிகள் தொடக்கத்திலேயே குலைத்தன. ஐபாட் கோலோச்சிய சந்தையில் அருகில் இன்னொரு ஸூன்காரர் அகப்படுவதும் அரிது. இவ்வளவு சிரமத்துக்குப் பதில் காதிலிருக்கும் இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுப்பதே மேல் என்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் விமர்சித்தார்.

2007 நவம்பரில் மூன்று நாள் கெடு நீக்கப்பட்டது. மூன்று முறை என்ற வரம்பு நீடித்தது. கூடவே, கேட்ட பாடல்களின் பட்டியலை நண்பர்களுக்குக் காட்டும் ஸூன் சோஷியல் தளமும் தொடங்கியது. 2011இல் ஸூன் கருவிகளின் உற்பத்தி நின்றது.

பாட்டைக் கொடுக்காமல் கேட்ட விவரத்தை மட்டும் பகிர்வது இதைவிட எளிதாக வேரூன்றியது. 2002இல் பிரிட்டனில் மாணவர் திட்டமாகப் பிறந்த ஆடியோஸ்கிராப்ளர் பின்னர் லாஸ்ட்.எஃப்எம் தளத்தோடு இணைந்தது. ஐபாடில் கேட்டவற்றைக்கூட, கணினியில் இணைக்கும்போது பதிந்துகொண்டது. ஆப்பிள் 2010 செப்டம்பரில் ஐடியூன்ஸுக்குள் தொடங்கிய பிங் என்ற இசைச் சமூக வலைத்தளம் மட்டும் இரண்டே ஆண்டில் மூடப்பட்டது.

தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகளில் பகிர்வு வேறு வழியில் பரவியது. 2000களின் பிற்பாதியில் புளூடூத் உள்ள செல்போனே பலருக்கு மியூசிக் பிளேயர். பாட்டு போனுக்குப் போன் தாவியது. செல்போன் கடைகளில் காசு கொடுத்து மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக்கொண்டார்கள். அனுமதி பெறாத இந்தப் பகிர்வுக்கு இத்தனை முறை, இத்தனை நாள் என்ற வரம்பெல்லாம் கிடையாது.

ஸ்ட்ரீமிங் வந்தபின் கோப்புக்குப் பதில் இணைப்பு முகவரியை அனுப்புவதே வழக்கமாயிற்று. உரிமத் தொகையைச் சேவை நிறுவனம் கட்டிவிடுவதால் பதிப்புரிமை வழக்கு வருமோ என்ற கருவித் தயாரிப்பாளர்களின் பழைய அச்சம் அகன்றது. ஒரே ஒலியை இருவர் கேட்கும் வசதியும் மீண்டது: 2019இல் ஐஓஎஸ் 13 வழியாக ஒரே ஐபோனின் பாட்டை இரண்டு ஜோடி ஏர்பாட்களில் கேட்க முடிந்தது. புளூடூத் கூட்டமைப்பு 2022இல் ஆராகாஸ்ட் என்று பெயரிட்ட முறையில், ஒரு கருவியின் ஒலியை எல்லைக்குள் இருக்கும் எத்தனை பேர் வேண்டுமானாலும் தம் இயர்போனில் பெறலாம்.